பல்லி சாரின் கை

செய்தி வந்தபோது நான் துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு சமையலறையில் ஒரு பல்லியைத் துரத்திக்கொண்டிருந்தேன். வேங்கிக்காலில் நாங்கள் கட்டிய புது வீட்டுக்கு எங்களுக்கு முன்பே குடிவந்துவிட்ட பல்லி. செல்போனில் எங்கள் தலைமையாசிரியர். "கல்பனா டீச்சர், நம்ம தணிகாசலம் சார் போயிட்டாருங்க. காலைல டீ குடிச்சிட்டு உக்காந்தவரு, அப்படியே சாஞ்சிட்டாரு" என்றார். துடைப்பத்தைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். பல்லி சாவகாசமாக ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய்விட்டது.

அடி அண்ணாமலைப் பக்கம் எங்கள் பள்ளியில் அவர் விலங்கியல், நான் கணக்கு. அடுத்தடுத்த மேசை. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பல்லி சார். அது அவருக்குத் தெரியும், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும்கூட. எனக்கோ பல்லி என்றாலே உடம்பு கூசும். பாட நோட்டின் மேல் அது எச்சம் போட்டுவைத்த நாளெல்லாம் நான் அவரிடம்தான் சண்டைக்குப் போவேன், என்னமோ அவர் வளர்த்து விட்ட மாதிரி. அவர் நிதானமாக, "அதுக்கு இமை கிடையாதுங்க டீச்சர். கண்ணுல தூசி விழுந்தா நாக்காலதான் தொடைச்சுக்கணும். பாவம், இருந்துட்டுப் போகட்டும்" என்பார். அதற்கு மேல் எப்படிச் சண்டை போடுவது?

ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஓர் ஆஸ்திரேலியப் பெண்மணி, பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசப் பழக்குவதற்காகச் சில நாட்கள் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தார். ஒருநாள் ஆசிரியர் அறைச் சுவரில் பல்லி கத்தியது. அந்த அம்மாள் அண்ணாந்து பார்த்து, தங்கள் ஊரில் இது வந்தேறி என்றார். துறைமுகத்துச் சரக்கோடு வந்து இறங்கி, வீட்டு விளக்கடிகளைப் பிடித்துக்கொண்டு, அங்கே பூச்சி தின்றுகொண்டிருந்த உள்ளூர்ப் பல்லிகளை விரட்டிவிட்டதாம். சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்று பத்தாம் வகுப்புக்கு அவர் போனதாக எனக்கு நினைவில்லை.

அந்த அம்மாள் போன பிறகு என்னிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா டீச்சர். அவங்க நம்ம ஊருக்கு விசா வாங்கிக்கிட்டு வர்றாங்க. நம்ம பல்லி விசா இல்லாமலே அவங்க ஊருக்குப் போயிருக்கு." எப்படிப் போனது என்பதையும் விளக்கினார். ஒரு தடவைக்கு இரண்டு முட்டை. ஓடு கெட்டியானது, மரப்பெட்டி இடுக்கில் ஒட்டிக்கொண்டு கடல் தாண்டினாலும் லேசில் கெடாது. ஒரு பெண் பல்லி தனியாகப் போனாலும் போதும். இணை சேர்ந்தபோது பெற்ற விந்தை உடம்பிலேயே பத்திரப்படுத்தி, மாதக்கணக்கில் கழித்தும் முட்டையிடும். அதன் குஞ்சுகளே ஓர் ஊரை நிரப்பிவிடும். "இங்க சாதுவாத் தெரியுது, அங்க போய் ரவுடி ஆயிடுச்சு. கெட்ட எண்ணம்லாம் இல்லீங்க. வெளிச்சம் இருக்கிற இடத்துல பூச்சி ஜாஸ்தி, அவ்ளோதான்" என்றார்.

பல்லி சொல், பல்லி விழும் பலன் எதிலும் அவருக்குக் கடுகளவும் நம்பிக்கை இல்லை. கத்துவது எதற்கு என்றால், "இது என் இடம், நீ தள்ளிப் போன்னு சொல்லுது. உங்க வீட்டு விசேஷத்தைப் பத்தி அதுக்கு என்ன தெரியும்" என்பார். இதைப் பள்ளியில் எல்லோரும் கேட்டிருப்பார்கள். ஆனால் சரோஜா அக்கா விஷயத்தில் நடந்தது முழுதாகத் தெரிந்தவர்கள் சிலர்தான்.

சாரின் மனைவி சரோஜா அக்காவுக்கு வயிற்றில் கட்டி. வேலூரில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது, தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வாரம் பார்த்து அக்காவின் உச்சந்தலையில் பல்லி விழுந்தது. தலையில் விழுந்தால் மரணம் என்பார்களே, அதோடு சரி, அக்கா வர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். விளக்கடியில் இரண்டு ஆண் பல்லிகள் சண்டை போட்டதையும், சுண்ணாம்பு உதிரும் சுவரில் கால் பிடி வழுக்கும் என்பதையும் சார் விதவிதமாக எடுத்துச் சொன்னார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது சரிதாங்க. என் தலையில விழுந்துச்சே" என்றார்.

காஞ்சிபுரம் கோயிலில் கூரையில் இருக்கும் தங்கப் பல்லியைத் தொட்டால் தோஷம் போய்விடும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. போக முடியாதவர்கள், அதைத் தொட்டு வந்தவரைத் தொட்டாலும் போதும். அக்காவுக்கு பஸ்ஸில் உட்காரத் தெம்பில்லை. சார் லீவு எழுதிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. "எதுக்கு சார் அலையறீங்க? சாயங்காலம் வரைக்கும் எங்கயாவது உக்காந்துட்டு, போயிட்டு வந்துட்டேன்னு சொல்லிடுங்க. அக்காவுக்கு என்ன தெரியப்போகுது?" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "அவ என் கையைப் பிடிச்சிக்கிட்டுதான் ஆபரேஷனுக்குப் போவா டீச்சர். அந்தக் கையில பொய்யை வச்சிக்கிட்டு எப்படி நிக்கிறது?"

போனார். வரிசையில் நின்று, படி ஏறி, தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வந்தார். அக்கா அந்தக் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வேலூருக்குக் கிளம்பினார். பிழைத்து வந்தார், இன்று நன்றாக இருக்கிறார். நாங்கள் விடுவோமா? விலங்கியல் வாத்தியார் பல்லியைக் கும்பிடப் போன கதையைச் சொல்லிச் சொல்லி ஓட்டினோம். "பல்லி மேல எனக்கு நம்பிக்கை இல்லீங்க. சரோஜா மேல இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு பள்ளியில் யார் மேல் பல்லி விழுந்தாலும் அவர் மேசைக்குத்தான் ஓடுவோம். திருத்திக்கொண்டிருக்கும் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் வலது கையை நீட்டுவார். "தொட்டுக்கோங்க. காஞ்சிபுரம் போய் வந்த கை." நானும் தொட்டிருக்கிறேன், ஒருமுறை அல்ல. எனக்கும் அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் தொட்டுவிட்டு வகுப்புக்குப் போனால் மனசு லேசாக இருக்கும்.

செய்தி வந்த அன்று அவர் வீட்டுக்குப் போனபோது குளிர்பெட்டி இன்னும் வந்திருக்கவில்லை. பாயில் படுக்க வைத்திருந்தார்கள். சரோஜா அக்கா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சாரின் வலது கையை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "தொட்டுக்கோம்மா. இனிமே உம்மேல விழுந்தா யார்கிட்ட போவ?" அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. தொட்டேன். சில்லென்றிருந்தது.

போன வாரம் ஆசிரியர் அறையில், புதிதாக வந்திருக்கும் தமிழ் டீச்சரின் தோளில் பல்லி விழுந்தது. அவர் பதறி எழுந்தார். பழைய ஆட்கள் எல்லோரும் பழக்கத்தில் சார் மேசையைத் திரும்பிப் பார்த்தோம். நாற்காலி காலியாக இருந்தது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது எது என்று அந்த நேரத்தில்தான் தெரிந்தது. திருத்திக்கொண்டிருந்த தாளைத் தள்ளி வைத்துவிட்டு நான் வலது கையை நீட்டினேன்.

"தொட்டுக்கோம்மா. எங்க சார் கையைத் தொட்ட கை."