சுவரோரம் மங்கையின் இடம்

வீட்டுக்கு வருபவர்களுக்கு மங்கை மாடியிலிருந்து தெரியும் கடலைக் காட்டுவதில்லை. சாப்பாட்டு மேசையைத்தான் காட்டுவார். பொருளை வைத்துப் பெருமை கொள்வது சின்ன விஷயம். மங்கையின் பெருமை அந்த மேசையின் அளவில் இருக்கிறது.

திருவொற்றியூர் கடலோரத்தில் இருக்கும் அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. கடலுக்குப் போய் வந்த கணவர் திருமலையும் அவர் தம்பி மணியும் முதலில். பிறகு பிள்ளைகள் தீபனும் சினேகாவும். காசிமேட்டில் ஏலம் எடுத்துத் தெருத்தெருவாக மீன் விற்றுவிட்டு வரும் மங்கை, எல்லாருக்கும் பரிமாறிய பின் சமையலறையில் சட்டியோடு உட்காருவார். யாரும் போட்ட சட்டமில்லை. அதனாலேயே யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை.

புது வீடு கட்டியதும் அவர் கேட்டது மேசை ஒன்றுதான். "நானும் உங்க கூடவே குந்தித் துன்னணும்."

திருமலை கைகளை விரித்து ஹாலை அளந்தார். கை விரித்தால் ஒரு பாகம். வலைக்கயிற்றை அளக்கும் கணக்கு. "ஆறு பேர் டேபிளு வாங்கிடலாம்மே. கச்சிதமா கீது."

மங்கை கடைக்குப் போய், அந்த மேசையை நூலால் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தார். அதே அளவுக்குத் தார்ப்பாயை மடித்து ஹாலில் விரித்தார். சுற்றிலும் மீன் பெட்டிகளைக் கவிழ்த்தார். "குந்துங்க. இன்னிக்கி சோறு இங்கதான்."

குழம்புச் சட்டியோடு வந்தவர், மணியின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே புக முடியாமல் நின்றார். மணி எழப் பார்த்தான். பெட்டி பின்னால் நகரவில்லை.

"இன்னாய்யா, போட்டுல பலகை மேல குந்துற மாரி அளந்துட்டியா? நாற்காலிய இழுக்க எடம் வோணாமா?" என்றார் மங்கை, திருமலையிடம்.

"போட்டுல குந்துனா கரைக்கு வந்துதான எய்ந்துப்போம்? நைனா கரைய மறந்துடுச்சு" என்றாள் சினேகா.

"சர்தான் வுடு" என்றார் திருமலை.

மங்கை தார்ப்பாயை நாலு பேர் அளவுக்குச் சுருக்கினார். சுவரோரம் நாற்காலிக்குப் பதில் ஒரு பெஞ்சு. எதிரே இரண்டு நாற்காலி, ஓரத்தில் ஒன்று. சட்டியோடு நடந்து பார்த்தார். யார் முதுகும் இடிக்கவில்லை. பெஞ்சின் உள்மூலையில்தான் சிக்கல். அங்கே இருப்பவர் எழ வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவரும் எழ வேண்டும்.

"அந்த மூலை யாருக்கும்மா?" என்றான் தீபன்.

"பாத்துக்கலாம்."

மேசை வந்த அன்று எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு மங்கை அந்த மூலைக்குள் நுழைந்து உட்கார்ந்தார். பக்கத்தில் சினேகா. எல்லாரும் சாப்பிடத் தொடங்கினார்கள்.

"அண்ணி, இன்னும் கொஞ்சம் கொயம்பு" என்றான் மணி.

"நா மூலையில மாட்டிக்கினு கீறேன். சட்டி அடுப்பாண்ட கீது."

சட்டியை எடுக்கத் திருமலை எழுந்தார். நாற்காலி தாராளமாகப் பின்னால் நகர்ந்தது.