மூடியை அடிக்கச் சொன்னவர்

ஞானமுத்து சார் இறந்துவிட்ட செய்தி, போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தாம்பரம் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டிக்காக நான் நின்றிருந்தபோது வந்தது. பழைய ஆசிரியர்கள் குழுவில் அவர் படத்தைப் போட்டு, கீழே வரிசையாகக் கைகூப்பியிருந்தார்கள். வண்டி வந்தது. ஏறி, வழக்கம்போல உட்கார இடம் தேடினேன். எனக்கு அழுகை வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டு நாள் கழித்து பிரதீப் போன் செய்தான். எங்கள் பழைய மாணவன், இப்போது மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். சாருக்கு நினைவு மலர் போடப்போவதாகவும், பள்ளியின் புது ஆய்வகத்துக்கு அவர் பெயரை வைக்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்டிருப்பதாகவும் சொன்னான். பதினோரு வருடம் அவருக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தவள் என்பதால் நான் கட்டாயம் எழுத வேண்டுமாம். நான் எழுதினால் உங்களுக்குப் பிடிக்காது என்றேன். “நடந்தத எழுதுங்க மிஸ், போதும்” என்றான். நடந்ததை எழுதுகிறேன்.

உங்களில் பலர் அவரிடம் இயற்பியல் படித்தவர்கள். திடப்பொருள், திரவம், வாயு ஆகிய மூன்றுக்கும் அவர் சொல்லிக்கொடுத்த வரையறை உங்களுக்கு இன்றும் ஒரு சொல் பிசகாமல் வரும். வர வேண்டும், வராதவர்கள் வெயிலில் நின்றிருக்கிறீர்கள். “புரிஞ்சுதான்னு கேக்காதீங்க, சொல்லத் தெரியுதான்னு கேளுங்க” என்பது எங்களைப் போன்ற இளைய ஆசிரியர்களுக்கு அவர் தந்த அறிவுரை. ஒரு நாள்கூட லீவு எடுக்கமாட்டார். முடிச்சூர் பக்கம் வெள்ளம் வந்த வருடம், பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு நடந்தே பள்ளிக்கு வந்தார். அதையும் நான் மறுக்கவில்லை.

நான் சேர்ந்த முதல் வருடம், எட்டாம் வகுப்பில் ஊசி இல்லாத சிரிஞ்சுகளைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். முதலில் காற்றை இழுத்துக்கொண்டு முனையை விரலால் அடைத்து அழுத்தச் சொன்னேன். உள்ளே போனது. பிறகு தண்ணீரை நிரப்பி அழுத்தச் சொன்னேன். அசையவில்லை. காற்றில் துகள்களுக்கு நடுவே நிறைய இடம் இருக்கிறது, தண்ணீரில் இல்லை என்று பிள்ளைகளே சொல்ல ஆரம்பித்த நேரம், ஞானமுத்து சார் வாசலில் வந்து நின்றார். “இது கிளாஸா, தடுப்பூசி கேம்ப்பா?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. பிறகு உள்ளே வந்து, நான் கரும்பலகையில் எழுதியிருந்ததை அழித்துவிட்டு, மூன்று வரையறைகளையும் எழுதிப்போட்டு, என்னையும் சேர்த்துப் படிக்கச் சொன்னார். நான் படித்தேன்.

அதே வருட அரையாண்டுத் தேர்வில், மணல் திடப்பொருளா திரவமா என்று ஒரு கேள்வி. ஷெரின் என்ற பெண், கொட்டினால் மணல் பாத்திரத்தின் வடிவத்துக்கு வந்தாலும் ஒவ்வொரு மணல் துகளும் தன் வடிவத்தை விடுவதில்லை, அதனால் திடப்பொருள்தான் என்று தன் சொந்த வார்த்தையில் எழுதியிருந்தாள். நான் முழு மதிப்பெண் போட்டேன். துறைத் தலைவர் என்ற முறையில் அவர் அதை அடித்து பூஜ்யம் போட்டார். வரையறை இல்லையாம். கேட்கப் போன என்னிடம், பப்ளிக் எக்ஸாமில் நீங்கள் வந்து மார்க் போடுவீர்களா என்று கேட்டார். அதில் ஓரளவு நியாயம் இருந்ததால் எனக்கு இன்னும் எரிந்தது.

இதெல்லாம் சின்ன விஷயம். இதற்காக இறந்தவரைப் பற்றி ஒருத்தி இப்படி எழுதமாட்டாள். நான் சொல்ல வந்தது வேலுவைப் பற்றி.

வேலு எங்கள் ஆய்வக உதவியாளர். என்னைவிடப் பத்து வயது பெரியவர். நான் அங்கே இருந்த பதினோராம் வருட அறிவியல் கண்காட்சிக்கு, தண்ணீர் ஆவியானால் எவ்வளவு இடம் கேட்கும் என்று காட்ட ஞானமுத்து சார் ஒரு சோதனை வைத்திருந்தார். தகர டப்பாவில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மூடியைத் தளர்வாக வைத்து அடுப்பில் ஏற்றினால், ஆவி சேர்ந்து மூடியைத் தூக்கி எறியும். ஒத்திகையில் மூடி சரியாகத்தான் எழும்பியது. ஆனால் சத்தம் போதவில்லை என்று அவருக்குக் குறை. பெற்றோரும் கல்வி அதிகாரியும் வரப்போகிறார்களே. கண்காட்சி அன்று காலை, “சுத்தியல எடுத்து நாலு அடி போட்டு இறுக்கு” என்று வேலுவிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

“சார், இறுக்கிட்டா ஆவி வெளிய வர வழி இருக்காது” என்றேன்.

“வாயு விரிவடையும்னு எனக்கே பாடம் எடுக்கிறீங்களா?” என்றார்.

வேலு என்னைப் பார்த்தார். பிறகு அடித்தார்.

அடுப்பில் ஏற்றி வெகுநேரமாகியும் மூடி எழும்பவில்லை. டப்பாவின் பக்கங்கள் உப்ப ஆரம்பித்தன. முதலில் கவனித்தது வேலுதான். முன்னால் நின்ற பிள்ளைகளை இரண்டு கையாலும் பின்னால் தள்ளிவிட்டு அடுப்பை அணைக்கக் குனிந்தார். அந்த நேரத்தில் டப்பா பக்கவாட்டில் பிளந்தது. கொதிக்கும் நீரும் ஆவியும் அவர் வலது கையிலும் கழுத்திலும் அடித்தன. பிள்ளைகள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஞானமுத்து சார் மேடை ஓரத்தில் மைக்கோடு நின்றிருந்தார்.

நான்கு நாள் கழித்து, வேலு இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, ஞானமுத்து சார் ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். ஆய்வக உதவியாளர் யாரையும் கேட்காமல் மூடியை இறுக்கியதே விபத்துக்குக் காரணம் என்று அதில் இருந்தது. கீழே அவர் கையெழுத்து. சாட்சி என்று போட்டு எனக்கு இடம் விட்டிருந்தார். இது உண்மையில்லையே சார் என்றேன். அவர் கோபப்படவில்லை. “உங்க மக நம்ம ஸ்கூல்லதானே ஆறாவது படிக்கிறா?” என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

நான் கையெழுத்துப் போட்டேன்.

வேலுவை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் நான் மகளையும் அழைத்துக்கொண்டு ஊரப்பாக்கத்தில் வேறு பள்ளிக்குப் போய்விட்டேன். சார் மரியாதையாக ஓய்வு பெற்றார். விழாவுக்கு எனக்கும் அழைப்பு வந்தது.

போன வருடம் அவருக்கு நுரையீரல் கெட்டுவிட்டது என்று கேள்விப்பட்டு, மாடம்பாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். நலம் விசாரிக்க என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி காபி கலக்க உள்ளே போனதும், வேலுவைப் பற்றி எழுதியது பொய்தானே சார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

“பொய்தான்” என்றார். “தெரிஞ்சுதானே நீங்களும் கையெழுத்துப் போட்டீங்க.”

வருத்தம் என்று ஒரு வார்த்தை இல்லை. காபியைக் குடிக்காமல் வந்தேன்.

அவர் அடக்கத்துக்கு நான் போகவில்லை. பிரதீப் பேசிய மறுநாள், பள்ளி விட்டதும் வேலுவைத் தேடிப் போனேன். ஊரப்பாக்கத்திலேயே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டியாக இருக்கிறார். இது எனக்குப் பல வருடமாகத் தெரியும். ஒரு தடவை பிளாட்பாரத்தில் அவரைப் பார்த்துவிட்டு, பெண்கள் பெட்டி நிற்கும் இடத்துக்கு வேகமாக நடந்துபோயிருக்கிறேன்.

கேட்டருகே எழுந்து நின்று எனக்கு நாற்காலியைக் காட்டினார். வலது முழங்கையை அவரால் முழுதாக நீட்ட முடியவில்லை. செய்தியைச் சொன்னேன்.

“பூட்டாரா?” என்றார்.

அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார். “தெரியும் மேடம். ஆபீஸ்ல காட்னாங்கோ. கீழ உங்க பேரு இருந்துச்சு. அத்த பாத்தப்புறம்தான் நான் ஒண்ணும் பேசாம வூட்டுக்கு வந்துட்டேன்.”

இத்தனை வருடமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நடந்ததை எழுதப்போகிறேன், உங்கள் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். உள்ளே வந்த காருக்குக் கேட்டைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“போடுங்க. சுத்தியால அட்ச்சது நான்தான். அடிக்கச் சொன்னது அவரு. ரெண்டையும் போடுங்க. ஒண்ண மட்டும் போட்டா அவரு எய்தின மாதிரி ஆயிடும்.”

இரண்டையும் போட்டுவிட்டேன். அந்த அறிக்கை பொய், தெரிந்தே நான் அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன் என்று பள்ளி நிர்வாகத்துக்கும் நேற்று பதிவுத் தபாலில் எழுதி அனுப்பியிருக்கிறேன். நண்பர்களே, ஆய்வகத்துக்கு அவர் பெயரை வைப்பதா வேண்டாமா என்பதை இதைப் படித்தபின் முடிவு செய்யுங்கள். நீங்கள் வைத்தால் நான் அந்தப் படியேறமாட்டேன்.

அவர் ஆன்மா அமைதியடைய வேண்டும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவரிடமிருந்து எனக்குத் தங்கியிருப்பது ஒரு கோபம், பாதி அவர்மேல், பாதி என்மேல். அவர் போனால் அது பாதியாகக் குறையும் என்று நினைத்திருந்தேன். குறையவில்லை. அவர் பங்கையும் இப்போது நானே சுமக்கிறேன்.