இயக்கம் என்று போட்ட தட்டுகள்

போன மாதம் வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் பஸ்ஸில் நின்றபடி போனை நோண்டிக்கொண்டிருந்தபோது என் பெரியப்பாவின் இசை அகப்பட்டது. யாரோ ஒரு புண்ணியவான் நான்கு பழைய ஜாஸ் இசைத்தட்டுகளை இணையத்தில் ஏற்றிவிட்டு, கீழே நீளமாக ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். கொழும்பு ஹோட்டல் ஒன்றில் ஜாஸ் குழுவை நடத்தியவர், எந்த வாத்தியம் எங்கே வரவேண்டும் என்று பிரித்து எழுதுவதில் சூரர், பிறகு தமிழ்ப் பொப் பாடல்களைத் தயாரித்தவர் என்று எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசி வரி மட்டும் என்னை இருப்புக்கொள்ளவிடவில்லை. அவர் தயாரித்த இரண்டு தமிழ்ப் பொப் தட்டுகளும் எங்கேயும் கிடைக்கவில்லை, தெரிந்தவர்கள் அறியத்தரவும் என்றிருந்தது. எனக்குத் தெரியும். எங்கள் ஊரான தண்ணீரூற்றில், வீட்டுக் குசினிக்குப் பின்னால், முருங்கைமரத்தடியில் அவை சாம்பலாகிப் பல வருடங்களாகிறது. அதை அறியத்தருவதற்குத்தான் கை வரவில்லை.

பெரியப்பா என் அப்பாவின் மூத்த அண்ணன். கொழும்பில் இருந்த வீடு கலவரத்தில் எரிந்தபிறகு ஒரு பெட்டியோடு வந்து எங்கள் வீட்டில் தங்கினார். நான் பிறக்கும்போதே அவர் அங்கே இருந்தார். கல்யாணம் செய்யவில்லை. ஓர் இடத்தில் இருக்கவும் மாட்டார். இருந்தாலும் விரல் இருக்காது, கதிரைக் கையிலோ சைக்கிள் சீட்டிலோ எதிலாவது தட்டிக்கொண்டே இருக்கும். "உங்கட அண்ணை சோத்துக் கோப்பையையும் விடுறாரில்லை" என்று அம்மா அப்பாவிடம் முறைப்பாடு செய்வா.

கொழும்பில் அவர் பான்ட் வைத்திருந்தவர் என்று அப்பா சொல்வார். எனக்குத் தெரிந்த பான்ட், விளையாட்டுப் போட்டிக்கு மேளமடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றும் எங்கள் பள்ளிக்கூட பான்ட் ஒன்றுதான். ஆகவே பெரியப்பா வெள்ளைக் கையுறை போட்டு, கையில் தடியைச் சுழற்றிக்கொண்டு, ஹோட்டலில் சாப்பிடுகிறவர்களின் மேசைகளைச் சுற்றிச் சுற்றி வந்தார் என்றே நெடுங்காலம் நம்பியிருந்தேன். ஒருவரும் திருத்தவில்லை.

ஜாஸைப் பற்றிக் கேட்டால் அவர் முகம் மலரும். பொப் பாட்டுகளைப் பற்றிக் கேட்டால் சுளிக்கும். "அது பாணுக்குப் போட்ட பாட்டு பிள்ளை. ஜாஸ் வாசிச்சால் ஆர் பாண் தருவான்?" என்பார். ஆக, ஜாஸ் தட்டுகள் பெறுமதியானவை, பொப் தட்டுகள் கடையில் வாங்கித் தின்னும் பாண் துண்டுக்குச் சமம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

தட்டுகள் மொத்தம் ஆறு. கடைசி யுத்தத்தில் ஊரைவிட்டு ஓடும்போது அப்பா முற்றத்தில் கிடங்கு வெட்டி அம்மாவின் தையல் மெஷினையும் பித்தளைச் சாமான்களையும் புதைத்தார். பெரியப்பா தன் ஆறு தட்டுகளையும் உரப்பையில் சுற்றி அவற்றின்மேல் படுக்கவைத்தார். முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து தோண்டியபோது மெஷின் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. தட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாவுக்கு அந்த அநியாயத்தைப் பொறுக்கவே முடியவில்லை. போட்டுக் கேட்பதற்கு எங்களிடம் கருவியும் இல்லை, வீட்டுக்குக் கரண்டும் அப்போது வந்திருக்கவில்லை. பெரியப்பா தட்டை வெயில் பக்கம் சரித்து, கோடுகளைப் பார்த்து, "இதிலை ட்ரம்பெட் ஏறுது" என்று வாயால் ஊதிக் காட்டுவார். அந்த ஊதலைத் தவிர அவருடைய இசையில் வேறெதையும் அதுவரை நான் கேட்டதில்லை.

அப்போது நான் ஆறாம் ஆண்டு. வாசிப்புப் போட்டியில் முதலாவதாக வந்திருந்தேன். அதற்குப்பிறகு என் கண்ணில் பட்ட எதையும் சத்தமாக வாசிக்காமல் விடுவதில்லை. மருந்துப் போத்தல், நிவாரணத் தகரம், பஸ்ஸின் முதுகு எல்லாம் என் குரலைக் கேட்டிருக்கின்றன.

ஒரு வியாழக்கிழமை காலை, அப்பா வயலுக்கும் பெரியப்பா பிரஷர் குளிசை எடுக்க ஆஸ்பத்திரிக்கும் போயிருந்த நேரம், வாசல் படலையடியில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கியவன் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவன். பார்த்ததும் எங்கள் ஆள் இல்லை, சிங்களப் பெடியன் என்று தெரிந்தது. ஆனால் வாயைத் திறந்தால் புத்தகத்தில் அச்சடித்ததுபோல் தமிழ். அதுதான் அம்மாவைக் கலங்கடித்தது. உடைந்த தமிழில் பேசுகிறவர்களிடம் அவவுக்குப் பயமில்லை. அந்த நாட்களில் வீடு வீடாக வந்து விசாரித்த புலனாய்வுக்காரர்கள்தான் தமிழை அப்படித் துப்புரவாகப் படித்துக்கொண்டு வந்தார்கள்.

அவன் வணக்கம் சொல்லி, பெரியப்பாவின் முழுப்பெயரைச் சொன்னான். பிறகு ஒரு பழைய பேப்பர் துண்டின் பிரதியை எடுத்து, அதில் விரலை வைத்து வாசித்தான்.

"இயக்கம் என்று இவருடைய பெயர் போட்டிருக்கிறது. இவர் இந்த வீட்டில் வசிக்கிறாரா, அம்மா?"

மற்ற இடங்களில் அந்தச் சொல்லுக்கு எத்தனையோ பொருள் இருக்கலாம். நாடகத்தை இயக்கலாம், மெஷினை இயக்கலாம். வன்னியில் ஒரே பொருள்தான். போராடப் போனவர்களை ஊரே அப்படித்தான் சொன்னது. யுத்தம் முடிந்தபிறகு அந்தச் சொல்லை வீட்டுக்குள்ளும் தணித்துத்தான் சொன்னார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டா.

"அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லை."

"கடைக்காரர் இந்த வீடுதான் என்றாரே. எனக்கு அவருடைய ரெக்கோட்ஸ் எல்லாம் வேண்டும். அவருடைய குழுவில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்கள் இப்போது எங்கே என்றும் அறிய விரும்புகிறேன்."

"அவருக்கு ஒரு ரெக்கோட்டும் இல்லைத் தம்பி. முகாமிலை, பொலிசிலை எல்லா இடமும் பதிஞ்சு விட்டாச்சு" என்றா அம்மா. அப்படி ஒருத்தரும் இல்லை என்று அரை நிமிடத்துக்கு முன்தான் சொன்னதை மறந்துபோனா.

அவன் முகம் மலர்ந்தது. "அப்படியானால் இருக்கிறார்! அவருடைய கருவிகள் ஏதாவது மிச்சம் இருக்கின்றனவா?"

அம்மாவின் கை என் விரல்களை நசுக்கியது. வீட்டுக்காரர் இல்லை, சனிக்கிழமை வாங்கோ என்று எப்படியோ சொல்லி அனுப்பினா. அவன் போட்டிருந்த ரீசேட்டில் ஒரு பெரிய ஊதுகுழல் படம் இருந்ததை நான் பார்த்தேன். பேசும்போது படலைத் தடியில் அவன் விரல்கள் தட்டிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். சொல்லியிருக்கலாம். என்னை ஒருவரும் கேட்கவில்லை, கேட்காமல் கதைத்தால் அடி விழும் காலம் அது.

அன்று பின்னேரத்திலிருந்து வீடு வீடாக இல்லை. அப்பா முற்றத்துக்கும் கிணற்றடிக்குமாக நடந்தார். அம்மா அரிசியைக் களைந்துவிட்டு மறந்துபோய்த் திரும்பவும் களைந்தா. குழுவில் எத்தனை பேர், கருவிகள் எங்கே என்று அவன் கேட்டதை அப்பாவுக்கு மூன்று தரம் சொன்னா. ஒவ்வொரு தரமும் கேள்வி இன்னும் கொஞ்சம் கொடுமையாக இருந்தது.

பெரியப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனுசன் நேரே போய் நின்று கதைப்பார் என்று அப்பா பயந்தார். செட்டிகுளத்து மாமிக்குச் சுகமில்லை, ஒருக்கால் பார்த்துவிட்டு வாருங்கோ என்று வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏற்றினார்கள். மாமி அப்பாவின் தங்கச்சி, குண்டுக்கல்லு மாதிரி இருந்தா. பஸ் என்றதும் பெரியப்பா உற்சாகமாகிவிட்டார். ஏறும்போது என்னிடம், "பிள்ளை, தட்டிலை வெயில் படாமல் பாத்துக்கொள். வளைஞ்சு போடும்" என்றார். நான் தலையாட்டினேன்.

பஸ் போனதும் அப்பா பெட்டியைத் தூக்கிவந்து குசினி வாசலில் வைத்தார். இடப்பெயர்வில் அவருடைய கண்ணாடி உடைந்துபோயிருந்தது. தட்டின் நடுவே ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தில் எழுத்துகள் எறும்பு மாதிரி. அம்மாவுக்கும் பிடிபடவில்லை.

"நீ வாசி பிள்ளை. அந்தச் சொல் இருக்கோ எண்டு பார்."

எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. சம்மணம் கொட்டி இருந்து, போட்டிக் குரலில் தொடங்கினேன். முதல் நான்கும் ஆங்கிலம். எழுத்துக்கூட்டினேன், அந்தச் சொல் மாதிரி ஒன்றும் வரவில்லை. அவற்றை அப்பா ஒரு பக்கம் வைத்தார். மற்ற இரண்டும் சின்னத் தட்டுகள், தமிழ் எழுத்து. "பாடல் வரிகள்" என்று வாசித்தேன், பெரியப்பாவின் பெயர். "இசையமைப்பு", பெரியப்பாவின் பெயர். "வாத்தியக்குழு இயக்கம்", திரும்பவும் பெரியப்பாவின் பெயர்.

"மெதுவா வாசி!" என்று அம்மா என் வாயைப் பொத்தினா.

ஆங்கிலத் தட்டுகளில் இருந்தவை வெளிநாட்டுக்காரர்களின் மெட்டுகள், பெரியப்பா வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதியவை மட்டுமே என்பது எனக்குத் தெரிய எத்தனையோ வருடம் பிடித்தது. ஒரு வரி விடாமல் அவருடையதாக இருந்தவை அந்தச் சின்னத் தட்டுகள் இரண்டும்தான்.

அப்பா முதலில் கத்தியால் அந்தக் காகிதத்தைச் சுரண்டிப் பார்த்தார். பாதிதான் போயிற்று, "இயக்" மிச்சமிருந்தது. அது முழுச் சொல்லைவிடக் கள்ளத்தனமாகத் தெரிந்தது. பிறகு முருங்கைமரத்தடியில் தென்னோலையைக் குவித்து நெருப்பு வைத்தார். தட்டுகள் உடனே எரியவில்லை. வாட்டிய வாழையிலைபோல் மடிந்தன, பிறகுதான் பற்றின. கரும்புகை எழும்பியது. ஊருக்கே தெரியப்போகிறது என்று அம்மா பச்சை மட்டையை எடுத்து மேலே போட, புகை இன்னும் கூடியது. வெயில் படாமல் பார்க்கச் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. பாணுக்குப் போட்டதுதானே, ஜாஸ் பத்திரமாக இருக்கிறதே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை அவன் சொன்னபடி வந்தான். இந்த முறை மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டியிருந்தான். அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு முற்றத்தில் நின்றார். அவன் பெட்டியைக் கதிரையில் வைத்துத் திறந்தான். பற்றரியில் ஓடும் தட்டுக் கருவி. தன் பைக்குள்ளிருந்து ஒரு தட்டை எடுத்துப் போட்டான்.

கரகரவென்று கொஞ்ச நேரம். பிறகு ஒரு குரல், "வன், டூ, வன் டூ த்ரீ ஃபோர்" என்றது. இளம் குரல்தான். ஆனாலும் சந்தேகமில்லை, கிணற்றடியில் பெரியப்பா வாளியைத் தட்டிக்கொண்டு அதே எண்ணிக்கையை அதே இழுவையில் சொல்ல நாங்கள் எந்த நாளும் கேட்டிருக்கிறோம். உடனே ட்ரம்பெட்டுகள் எல்லாம் ஒன்றாக எழும்பின. அம்மா குசினி வாசலில் கையில் அகப்பையோடு அப்படியே நின்றா.

"இவருடைய ஜாஸ் என்னிடம் கொஞ்சம் இருக்கிறது. தமிழ்ப் பாட்டுகளைத்தான் தேடுகிறேன். நான் அறிந்தவரையில் வேறு ஒருவரிடமும் இல்லை" என்றான் அவன். "இவரைத் தெரியுமா, ஐயா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது, முகமே சொன்னது. வியாழக்கிழமை அம்மா இல்லை என்றது பயத்தில். இன்று உண்மையைச் சொன்னால் தட்டுகளைக் கேட்பான். என் வாய் துருதுருத்தது. அப்பாவின் கை என் தோளில் வந்து அழுத்தியது.

"தெரியாது தம்பி" என்றார், அண்ணனின் ட்ரம்பெட்டுகள் முழங்கிக்கொண்டிருக்கையிலேயே.

அவன் பாட்டு முடியும்வரை நின்றான். ஒரு துண்டில் தன் போன் நம்பரை எழுதித் தந்துவிட்டுப் போனான். அந்தத் துண்டை அப்பா எரிக்கவில்லை. பெரியப்பா திரும்பி வந்தபிறகு அந்த நம்பரில் அவனைக் கூப்பிட்டு நான்கு ஜாஸ் தட்டுகளையும் கொடுத்துவிட்டார். தமிழ்த் தட்டுகளைப் பற்றி அவனிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லையாம்.

திங்கட்கிழமை பெரியப்பா செட்டிகுளத்திலிருந்து வந்து, மாமி நல்ல சுகமாக இருக்கிறாளே என்று குறைப்பட்டார். அப்பா அவரை இருத்தி, தொடக்கத்திலிருந்து சொன்னார். குழுவில் எத்தனை பேர், இப்போது எங்கே, கருவிகள் எங்கே என்ற இடம் வந்ததும் பெரியப்பா தொடையில் அடித்துச் சிரித்தார்.

"அட கோதாரி! அது நான் பான்டை இயக்கினதடா தம்பி! பத்துப் பேர் ஊதினவங்களடா!"

அவர் சிரித்ததைப் பார்த்து நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

"அண்ணை, அதுகளை எரிச்சுப்போட்டன்."

"எதுகளை?"

"அந்தச் சொல் போட்டதுகளை. இங்கிலிஸ் நாலும் இருக்கண்ணை. அதுகளிலை கைவைக்கேல்லை."

பெரியப்பாவின் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. எழும்பிப் போய்ப் பெட்டியைத் திறந்து, நான்கு தட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, திரும்ப வைத்தார். கீழே வேறு ஏதும் இருக்கிறதா என்று உரப்பையையும் உதறினார்.

"ஓம் ஓம். நாலும் இருக்கு" என்றார். பிறகு, "சின்ன எழுத்தெல்லோ. ஆர் வாசிச்சது?" என்று கேட்டார்.

"நான்தான் பெரியப்பா! ஒரு எழுத்தும் பிழைவிடேல்லை."

அவர் என் தலையில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

"கெட்டிக்காரி" என்றார்.

வாசிப்புப் போட்டிச் சான்றிதழைவிட அது பெரிய பரிசாக எனக்குப் பட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்ல ஓடினேன்.