புஸ்பாக்கான்ர தட்டுக்கு ஊசி தேடின கதை

பழைய ரெக்கோட்டில இருந்து ஒரு துண்டுச் சத்தத்தை வெட்டி எடுத்து, அதைத் திருப்பித் திருப்பி ஓடவிட்டு, அதுக்கு மேல புதுப்பாட்டுக் கட்டுறதுதான் என்ர தொழில். கிளிநொச்சியில இதைச் சொன்னா, "அது சரி பிள்ளை, வேலை என்ன செய்யிறீர்?" எண்டு கேப்பினம். அறையைப் பூட்டிக்கொண்டு பாட்டுச் செய்யிற சகோதரங்களே, இந்தக் கேள்வி உங்களுக்கும் பழகியிருக்கும். எனக்கும் பழகிப்போச்சு. ஆனா ஒரு நல்ல ரெக்கோட் பிளேயர் வாங்க நான் பட்ட பாடு இருக்கே, அது வேற.

மிச்சமிருந்த பக்கம்

புஸ்பாக்கா முள்ளிவாய்க்காலில மீன் வாங்கி விக்கிறவா. ஒருநாள் காலமை துவாயால சுத்தின ரெக்கோட் ஒண்டோட என்ர வீட்டு வாசலில வந்து நிண்டா. சண்டைக்குள்ள ஓடேக்க றங்குப்பெட்டியில வைச்சு மண்ணுக்குள்ள தாட்டுப்போட்டுப் போனது, திரும்பி வந்து கிண்டி எடுத்ததாம். பெட்டி உக்கி, உறை உக்கி, தட்டு மட்டும் தப்பியிருக்கு. அதில மிருதங்கம் அடிச்சது அவான்ர அப்பா. ஆள் அந்தச் சண்டையிலயே போயிட்டார். அவற்ர போட்டோ ஒண்டுகூட இல்லை.

ரெண்டு பக்கத்திலயும், பாடுறவர் நிப்பாட்ட மிருதங்கம் தனிய ஓடுற இடம் ஒண்டு இருக்காம். அதை எடுத்து ஒரு பாட்டாச் செய்து தாங்கோ எண்டு கேட்டா. உடன ஓமெண்டன். எங்கட தொழிலில எல்லாரும் நாயா அலையிறதே அப்பிடி ஒரு இடத்துக்குத்தானே! ஆனா முந்தி ஆரோ மலிவு மிசின் ஒண்டில போட்டு, பாரமான ஊசியால ஒரு பக்கத்தை உழுது விட்டிட்டினம். மிச்சம் ஒரு பக்கம்தான். புஸ்பாக்கா என்ர மேசையில கிடந்த ஓட்டைப் பிளேயரை ஒருக்காப் பார்த்தா, தட்டைத் திரும்பத் துவாயால சுத்தினா. "இதில போட நான் விடமாட்டன் தங்கச்சி. நல்ல ஊசி வாங்கிப்போட்டுச் சொல்லுங்கோ, வாறன்."

சூட்கேஸ்

வவுனியாவில ஒரு கடைக்குப் போனன். கடைக்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரிச்சு ஒரு இளநீலச் சூட்கேஸைத் திறந்தார். உள்ளுக்குப் பிளேயர், பக்கத்தில குட்டி ஸ்பீக்கர். வடிவுதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஊசி பூட்டின கையை விரல் நுனியால தூக்கிப் பார்த்தன். ஐயோ, என்ன பாரம்! குறைக்கிறதுக்குப் பின்னுக்கு ஒரு திருகும் இல்லை. நல்ல ஊசி மாத்துவமெண்டா அதுக்கும் வழியில்லை. புஸ்பாக்கான்ர தட்டு இதில ஒருக்கா ஓடினாலே காணும், அப்பா போயிடுவார். "ஊசியின்ர பாரத்தைக் கூட்டிக் குறைக்கிற மிசின் இல்லையோ அண்ணை?" எண்டன். மனிசன்ர முகம் கறுத்துப்போச்சு. "கலியாண வீட்டுப் போட்டோ எடுக்கிறவையெல்லாம் படத்தில வடிவுக்கு வைக்க இதைத்தான் வாங்கிக்கொண்டு போகினம், ஒருதரும் குறை சொல்லேல்லை."

பெல்ட்

பிறகு தெரிஞ்ச ஒருத்தர், பார்த்து வாங்கச் சொல்லி ஒரு பழைய பிளேயர் அனுப்பினார். ஊசி நல்லது, பாரமும் மாத்தலாம். ஆனா மோட்டர் ஒரு ரப்பர் பெல்ட்டாலதான் தட்டைச் சுத்துது. பெல்ட் எங்கட வெயிலுக்கு இளகி, பாட்டுச் சவ்வா இழுபடுது. எனக்கோ தட்டை விரலால நிப்பாட்டி, முன்னுக்குப் பின்னுக்குத் தள்ளித்தான் துண்டு பிடிக்கவேணும். அதுக்கு மோட்டர் தட்டுக்கு நேர கீழ இருக்கிற சாதிதான் சரி.

இருந்தும் ஆசை ஆரை விட்டது? தண்ணிப் பம்பு திருத்திற குணம் அண்ணையிட்டக் கொண்டு போனன். அவர் பம்புப் பெல்ட் ஒண்டை எடுத்து அளவு பார்க்க வெளிக்கிட்டிட்டார்! "அண்ணை, உது தட்டோட சேர்த்து என்னையும் சுத்தும்" எண்டு பிளேயரைப் பறிச்சன். மனிசனுக்குக் கோபம் வந்திட்டுது. "கரண்ட் இல்லாத காலத்தில சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவைச் சுத்திப் பாட்டுக் கேட்ட சனம் நாங்கள். கொஞ்சம் இழுபட்டா நீ செத்தே போயிடுவாய்?"

கொழும்புக் கதை

என்னோட படிச்ச நிரோஜன் கொழும்பில ஸ்டூடியோ வைச்சிருக்கிறான். எந்த மிசின் நல்லதெண்டு கேக்க அவனுக்குப் போன் எடுத்தது என்ர பிழை. மிருதங்கச் சத்தம் இன்ரநெற்றில குவிஞ்சு கிடக்காம், நான் சும்மா மினக்கெடுறனாம். "புஸ்பாக்கான்ர அப்பாவும் அதுக்குள்ள கிடக்கிறாரோ?" எண்டு கத்தினன். அவன் சிரிச்சான். "உனக்கேனடி அவ்வளவு பெரிய மிசின்? கிளிநொச்சியில ஆர் இருந்து கேக்கப்போறாங்கள்?"

ஊசி இறங்கின நாள்

நான் கேப்பன். புஸ்பாக்கா கேப்பா. காணாதோ? அந்த ரோசத்தில என்ர ஸ்கூட்டியை வித்தன். தட்டை மோட்டரே நேராச் சுத்திற, வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற, ஊசிப் பாரம் மாத்திற பிளேயர் ஒண்டை, பழசுதான், வாங்கிக்கொண்டு வந்து மேசையில வைச்சன். இப்ப பஸ்ஸுக்கு வெயிலில நிக்கிறன், நிக்கிறதில எனக்கொரு குறையும் இல்லை. நகைக்கடைத் தராசு ஒண்டை இரவல் வாங்கி ஊசியின்ர பாரத்தைச் சரிபார்த்துப்போட்டுப் புஸ்பாக்காவைக் கூப்பிட்டன்.

தட்டைக் கழுவித் துடைச்சு, ஊசியை மெல்ல இறக்கினன். பாட்டு ஓடிச்சு, பாடினவர் நிப்பாட்டினார், மிருதங்கம் தனியத் தொடங்கிச்சு. ரெண்டுபேரும் அழுதனாங்கள், சொல்லுறதில என்ன வெக்கம்? அந்த இடத்தை வெட்டித் திருப்பித் திருப்பி ஓடவிட்டன், அப்பா நிப்பாட்டாம அடிச்சுக்கொண்டே இருந்தார். அடிக்கு நடுவில தட்டில ஊறின மண் சரசரவெண்டு கேட்டுது. எனக்கோ பெருமை தாங்கேல்லை. "அக்கா, பழைய ரெக்கோட்டெண்டு காட்டிற இந்தச் சரசரப்புக்குத்தான் எங்கட தொழிலில உலகம் முழுக்க ஆலாப் பறக்கிறாங்கள், இதை அப்பிடியே விடுவம்" எண்டன். அவா கண்ணைத் துடைச்சுப்போட்டு என்னை நிமிர்ந்து பார்த்தா. "மண்ணுக்குள்ள கிடந்தது காணும் தங்கச்சி. மண்ணை எடுத்துப்போட்டு, அப்பாவை மட்டும் தாங்கோ."

ஆனபடியா சகோதரங்களே, நல்ல மிசின் வாங்கினா வேலை குறையுமெண்டு ஆரும் சொன்னா நம்பிப்போடாதேங்கோ, நான் இப்ப கிழமைக்கணக்கா அந்தச் சத்தத்துக்குள்ள மண் பொறுக்கிக்கொண்டு இருக்கிறன்.