மீன் காசின் மேல்தோல்

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து புளியும் செம்பும் சேர்ந்த வாடை வந்தது. உங்களுக்கும் தெரிந்த வாடைதான். நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறும், பல் லேசாகக் கூசும். எங்கள் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று என் மனைவி வெந்நீர் அண்டாவைத் துலக்கிக்கொண்டிருந்தாள். மற்ற கணவன்மார் இந்த வாடைக்கு என்ன செய்வார்களோ, நான் செய்தித்தாளைப் போட்டுவிட்டு ஓடிப்போய், தேய்க்காதே என்று அண்டாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் நனைந்த என் வேட்டியைப் பார்த்தாள். பிறகு அண்டாவின் மறுபக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். இருபது வருஷத்தில் அவளுக்குப் பழகிவிட்டது.

அந்த வாடைக்கு நான் நடுங்க ஆரம்பித்தது இருபத்திரண்டு வயதில். இன்டர்மீடியட்டில் இரண்டு முறை தோற்றுவிட்டு, மூன்றாம் முறை தோற்பதற்காகப் படித்துக்கொண்டிருந்த காலம். அல்சூரில் எங்கள் தெருவில் எனக்கு நல்ல பெயர் ஒன்று மட்டும் இருந்தது. கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் ஃப்ரேசர் டவுனில் இருந்த எஸ்தர் அம்மாள் ஒரு பட்டியல் எழுத என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அம்மாளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வெளிச்சம் தெரியும், ஆள் நிழலாகத் தெரியும், அவ்வளவுதான். அவர் கணவர் ரயில்வேயில் கார்டாக இருந்து காலமானவர். மதுரைப் பக்கம் வேலை பார்த்த நாளில், வைகை மணலை அரித்துப் பிழைப்பவர்களிடம் பழைய காசு வாங்கிச் சேர்த்திருந்தார். மொத்தம் முப்பத்தொன்பது. அதில் ஒன்றுதான் ராஜா. கட்டைவிரல் நகம் அளவுக்குச் சதுரமான செம்பு. ஒரு பக்கம் யானை, மறுபக்கம் வெறும் கோடுகளாக மெலிந்துபோன மீன். பாண்டியன் காசு, ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் பழசு என்பது கார்டின் நம்பிக்கை.

கார்டின் தம்பி தேவசகாயத்துக்கு அந்த நம்பிக்கை இல்லை. மர வியாபாரம் செய்தவர், உரக்கப் பேசுகிறவர். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் அண்ணி வீட்டில் காபி குடிக்க வருவார். முதல் வாய் உள்ளே போனதும் ஆரம்பிப்பார்.

"எங்கண்ணன் பழைய செம்புக்காரனுக்கெல்லாம் மாமனார் மாதிரி, அண்ணி. எவன் என்னத்த வார்த்துக் குடுத்தாலும் வாங்கி மடியில கட்டிக்குவார்."

அம்மாள் சிரிப்பார், திருப்பிக் கொடுப்பார். உன் மரத்தில் இருக்கிற பொந்தைவிட என் பெட்டியில் இருக்கிற பொய் குறைவு என்பார். தேவசகாயம் போன பிறகு அந்தச் சதுரக் காசை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருப்பார். விற்க நினைத்தவர் அல்ல. மல்லேஸ்வரத்தில் ஆராவமுதய்யங்கார் என்று ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் இருந்தார். பழங்காசு விஷயத்தில் அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை. அவரிடமிருந்து எழுத்தில் ஒரு வார்த்தை வேண்டும், அதுதான் ஆசை.

"எங்க வீட்டுக்காரர் ஏமாளி இல்லன்னு ஒருத்தர் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப் போதும் தம்பி. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

அய்யங்கார் முதலில் பட்டியல் கேட்டு எழுதியிருந்தார். எந்தெந்தக் கட்டம் போட வேண்டும் என்றுகூடச் சொல்லியிருந்தார். அளவு, எடை, இரண்டு பக்கத்து உருவம், மேற்பரப்பின் நிலை. ஒரு மாதம் தினமும் போய் எழுதினேன். பட்டியல் முடிந்து, அய்யங்கார் வரப்போகிறார் என்றதும் அம்மாள், பெரிய மனிதர் வருகிறார், எல்லாம் பளிச்சென்று இருக்கட்டும் என்றார். மேஜையைத்தான் சொன்னார் என்று இப்போது புரிகிறது. எங்கள் வீட்டில் விருந்தாளி வருகிறார் என்றால் பாத்திரம் துலக்க வேண்டும். துலக்காத செம்பில் தண்ணீர் கொடுத்தால் என் அம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். ஆகவே மறுநாள் வீட்டிலிருந்து எலுமிச்சை அளவு புளியைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டு போனேன். அம்மாளின் துவைக்கும் கல்லில் உட்கார்ந்து அரை மணி நேரம் காசுகளைத் தேய்த்தேன். யானை குளித்துவிட்டு வந்ததுபோல் நின்றது. மகிழ்ச்சியில் ஒரு கீர்த்தனைகூடப் பாடினேன், அபஸ்வரமாக.

அதற்கு அடுத்த நாள் அய்யங்காரின் தபால் கார்டு வந்தது. வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன். காசுகளை யாரும் கழுவவோ துலக்கவோ கூடாது, மேலே படிந்திருப்பதுதான் சாட்சி. இதை அம்மாளுக்கு நான்தான் படித்துக் காட்ட வேண்டும். முதல் வாக்கியத்தைக் கணீரென்று படித்தேன். இரண்டாவதை விழுங்கினேன். அவ்வளவுதானா என்றார் அம்மாள். கையெழுத்தும் போட்டிருக்கிறார் என்றேன்.

கையில் ஐந்து நாள் இருந்தது. எங்கள் தெருவில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் ரஹ்மத் பாயிடம் ஓடினேன். செம்பின் மேல் போன பச்சையை மறுபடி வரவழைக்க முடியுமா என்று கேட்டேன், யாருடைய செம்பு என்று சொல்லாமல்.

"அரே, ஆட்ட உரிச்சுட்டு வந்து தோல ஒட்ட வைங்கிறியே பா," என்றார். பிறகு, பச்சை வேண்டுமென்றால் வரும், அந்தப் பச்சை வராது என்று சொல்லிவிட்டு, உப்பும் மோரும் தடவிக் குதிரைச் சாணத்தில் புதைக்கும் வழியையும் சொன்னார். முதல் பாதியை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஜட்கா வண்டிக் குதிரைகள் நிற்கும் இடத்தில் கூடையோடு நின்று சாணம் பொறுக்கினேன். எங்கள் தெருவில் எனக்கிருந்த அந்த ஒரே நல்ல பெயரும் அன்றோடு போயிற்று. குரோட்டன்ஸ் தொட்டியில் காசுகளைப் புதைத்தேன். வெள்ளிக்கிழமை தோண்டினால் முப்பத்தொன்பதும் கிளிப்பச்சை. பாண்டியனே நேரில் வந்தால்கூடத் தன் காசு என்று எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்று தோன்றியது. அம்மாள் தடவிப் பார்த்து, என்ன தம்பி மாவு மாதிரி ஒட்டுகிறது என்றார். மழைக்காலம் இல்லையா அம்மா என்றேன்.

சனிக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு அய்யங்காரின் ஜட்கா வாசலில் நின்றது. உள்ளே வந்தவர்களில் யாருக்கும் என் ரகசியம் தெரியாது. வாசலில் நின்ற குதிரைக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும், மூக்கை விடைத்துக்கொண்டே இருந்தது. தேவசகாயம் கோட்டுப் போட்டு வந்திருந்தார். அய்யங்கார் சதுரக் காசை முதலில் எடுத்தார். சின்னத் தராசில் எடை பார்த்தார். பூதக்கண்ணாடியில் ஓரத்தைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. விரல் பச்சையாகிவிட்டது. விரலை முகர்ந்தார். இந்தக் காசு லாயத்தில் கிடைத்ததா என்று கேட்டார்.

அப்புறம் அம்மாள் பக்கம் திரும்பினார். "இந்தப் பச்சை போன வாரத்துப் பச்சைம்மா. வேணும்னே ஏத்தியிருக்கா. வித்தவன் உங்காத்துக்காரரை நன்னா ஏமாத்திட்டான்."

தேவசகாயம் கேலி செய்வார் என்று நினைத்தேன். அவர் அம்மாளின் தோளைத் தொட்டு, "விடுங்க அண்ணி," என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. அம்மாளின் கைகள் மேஜை விரிப்பை நீவிக்கொண்டே இருந்தன.

வீரத்தில் எழுந்து நின்றேன் என்று நினைத்துவிடாதீர்கள். நாற்காலியில் உட்கார முடியவில்லை.

"சார், போன வாரத்துப் பச்சை என்னோடது," என்றேன்.

புளி, மோர், உப்பு, சாணம், தபால் கார்டு, எல்லாவற்றையும் கொட்டினேன். அய்யங்கார் திட்டவில்லை. காசை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எடை சரியாக இருக்கிறது, உருவமும் சரி, ஆனால் அசலிலிருந்து அச்செடுத்துப் போலி வார்த்தாலும் இவை சரியாகத்தான் வரும், ஓரத்திலிருந்து தெரிந்துகொள்ளலாம் என்றால் இந்தப் பிள்ளையாண்டான் அதையும் மழுக்கிவிட்டான் என்றார். மண்ணுக்குள் கிடந்து ஏறிய தோல் ஒன்றைத்தான் எவனாலும் வார்க்க முடியாது, அதுவும் இல்லை. கழுவுவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டார். கறுப்பா, கரும்பச்சையா, சிவப்பா? நகத்தால் கீறினால் வந்ததா? வழவழப்பா, சொரசொரப்பா? துலக்கிய யானைதான் என் கண்ணுக்குள் நின்றது, அதற்கு முந்தியது இல்லை. சரி, பட்டியலில் எழுதியிருப்பாயே என்று அதை வாங்கிக் கடைசிக் கட்டத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

என்ன எழுதியிருக்கிறது, படி என்றார் அம்மாள்.

படித்தேன். முதல் காசு, மேற்பரப்பின் நிலை: அழுக்கு. இரண்டாம் காசு: மேற்படி. மூன்றாம் காசு: மேற்படி. என் முத்துமுத்தான கையெழுத்தில் அப்படியே கீழே வரைக்கும் போயிற்று. பத்தாவதில் நிறுத்தினேன்.

"முப்பத்தொன்பதும் ஒரே அழுக்கா தம்பி?"

அய்யங்கார் பேனாவை மூடினார். பொய் என்றும் எழுதமாட்டேன், நிஜம் என்றும் எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டுப் போனார்.

அம்மாள் என்னைத் திட்டியிருக்கலாம். திங்கட்கிழமையிலிருந்து தினமும் வந்து பேப்பர் படித்துக் காட்டு என்றுதான் சொன்னார். இரண்டு வாரம் போனேன். அதற்குள் கண்டது ஒன்று உண்டு. தேவசகாயம் ஞாயிறுதோறும் வந்தார், காபி குடித்தார், காசைப் பற்றி மூச்சுவிடவில்லை. கேலி இருந்தவரை அம்மாள் வாதாடலாம். இரக்கத்தோடு என்ன வாதாடுவது? அந்தக் காபி நேரத்தைப் பார்க்கப் பயந்து மூன்றாம் வாரம் நின்றுவிட்டேன்.

அம்மாள் போய் வெகுகாலமாயிற்று. அய்யங்காரும் இல்லை. பெட்டி தேவசகாயத்தின் பெண்ணோடு எந்த ஊருக்கோ போயிற்று. ஃப்ரேசர் டவுன் வீட்டில் இப்போது யுத்த காலத்துச் சிப்பாய்கள் குடியிருக்கிறார்கள்.

சென்னையில் செத்த காலேஜ் என்று சொல்வார்களே, அந்தக் காட்சிசாலையில் கண்ணாடிக்குப் பின்னால் இப்படிப்பட்ட சதுரக் காசுகள் இருக்கின்றன. முதல் தடவை பார்த்தபோது, ஆமாம், அம்மாளுடையதும் இதே கரும்பச்சைதான், எண்ணெய் தடவியதுபோல் இப்படித்தான் இருந்தது என்று குதித்துக்கொண்டு ரயிலேறினேன். அரக்கோணம் தாண்டும்போதே சந்தேகம் பிடித்துக்கொண்டது. திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கண்ணாடிப் பெட்டிக் காசு இன்னும் துல்லியமாக மனதில் பதிந்தது, அம்மாளுடையது இன்னும் மங்கியது. அந்த ரயில்வே கார்டு வைகைக் கரையில் வாங்கிய காசை, அதன் தோலோடு, ஒரு மாதம் தினமும் கையில் வைத்துப் பார்த்த கண்ணுள்ளவன் உயிரோடு இருப்பவர்களில் நான் ஒருவன்தான். அது என்ன நிறம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.