மூன்று நாள் வித்தைக்கு மூன்று கோடை

நெதர்லாந்தில் காற்று வேகமாக வீசினால் ஆபீஸ் காலியாகிவிடும். புயல் வருகிறதாக்கும் என்று முதல் வருடம் நானும் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். பிறகுதான் தெரிந்தது, எங்கள் மேனேஜர் உட்படப் பாதிப் பேர் கடற்கரைக்கு ஓடுகிறார்கள். பெரிய பட்டத்தை இடுப்பில் மாட்டி, பலகைமேல் நின்று, அலையில் இழுபடுவதற்கு. கைட்சர்ஃபிங் என்று பெயர். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சேந்தமங்கலத்தில் நாங்கள் கூரைமேல் கல் வைப்போம். இவர்கள் காசு கொடுத்துப் பறக்கிறார்கள்.

"ஏனுங்க, நீங்களும் ஒருக்காப் போய்ப் பாருங்களேன்," என்றாள் என் மனைவி மேகலா. அவள் போட்ட திட்டம் வேறு. அவளும் பிள்ளைகளும் இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார்கள். நான் வாங்கினால் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். இந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து நாலு தடவை கடலில் விழுந்தால் மனசு மாறிவிடும் என்று அவள் நம்பினாள்.

சொல்லிக்கொடுத்த டச்சுக்காரர் பெயர் யான். புதிதாய்க் கற்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். மூன்று நாள் போதும் என்றார். கொல்லிமலை பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தியெடுப்பவர்களிடம் கண்டக்டர், "இன்னும் ரெண்டே வளைவுதானுங்க" என்பார். மலைக்கு எழுபது வளைவு. யானுக்கும் அதே குரல்.

முதல் நாள் மணலில் பயிற்சி, தப்பித்தேன். மறுநாள் தண்ணீரில் பட்டம் இழுக்க, பட்டக் கயிறு கட்டிய கைக்கட்டையை இறுக்கிப் பிடித்தேன். இறுக்கினால் பட்டம் இன்னும் வெறிகொண்டு இழுக்கும், விட்டால் அடங்கிவிடும். "லோஸ்லாட்டன், லோஸ்லாட்டன்" என்று யான் கத்தினார். டச்சில், விடு என்று அர்த்தம். எனக்கு நன்றாகவே புரிந்தது. கைக்குப் புரிய வேண்டுமே. உப்புத்தண்ணீரைக் குடித்தபடி வட கடலை உழுதுகொண்டு போனேன்.

என் கையைக் குறை சொல்லிப் பயனில்லை. பத்து வயதில், சந்தையிலிருந்து ஓட்டிவந்த காளை மிரண்டு, கம்மங்காட்டுக்குள் என்னைத் தரதரவென்று இழுத்துப் போனது. முழங்கை இரண்டும் தேய்ந்து ரத்தம். ஓடிவந்த அப்பா என்னைப் பார்க்கவில்லை, கயிற்றைத்தான் பார்த்தார். "கயித்த உட்டயா கண்ணு?" "இல்லீங்கப்பா." அவர் முகத்தில் அப்படியொரு பெருமை. "தும்ப உட்டுட்டு வாலப் புடிக்கிறவன் நம்ம ஊட்ல பொறக்கல" என்று சொந்தபந்தம் எல்லோரிடமும் சொன்னார். இதை யானிடம் விளக்கினேன். அவர் மேலே பட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உங்கள் ஊரில் மாடு பறக்குமா?" என்று கேட்டார். நக்கல் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

மூன்றாவது கோடையில் ஒரு நாள் அலுத்துப்போய்க் கை தானாக விட்டது. பட்டம் பவ்வியமாகத் தண்ணீரில் உட்கார்ந்தது. அடுத்த முறை பலகைமேல் நின்றே விட்டேன், டீக்கடையிலிருந்து பஸ் ஸ்டாண்டு போகிற தூரம். மேனேஜர் முதுகில் தட்டி, "இனி நீ எங்கள் ஆள்" என்றார். மேகலாவின் திட்டம் பலித்துவிடும்போல இருந்தது.

அன்றைக்கே அப்பாவுக்குப் போன் போட்டேன். "பாஸ்போர்ட்டத் திருப்பிக் குடுக்கோணுங்கப்பா. குடுத்துட்டா நான் இந்தியாக்காரன் இல்லீங்க." திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் அதையே சாக்காக மேகலாவிடம் சொல்லி இன்னும் சில வருடம் ஓட்டியிருப்பேன்.

"உட்டுரு சாமி," என்றார். "பொண்டாட்டி புள்ளைங்க ஒரு நாடு, நீயொரு நாடுன்னு எத்தன நாளைக்கு? காட்ட நான் பாத்துக்கறேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காளைக்கு ஒரு நியாயம், மகனுக்கு ஒரு நியாயமா? அதைக் கேட்காமல், "சரீங்கப்பா" என்று வைத்துவிட்டேன்.

மனுப் போட்டு, ஒரு வருடத்தில் டச்சுக் குடியுரிமை கைக்கு வந்ததும், நம் இந்தியத் தூதரகத்தில் கண்ணாடிக்கு அடியில் பாஸ்போர்ட்டை நீட்டினேன். உள்ளே இருந்த அம்மாள் மறுமுனையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. நிமிர்ந்து பார்த்து, "சோடியே" என்றார். விடச் சொல்கிறார் என்பது இழுத்த இழுப்பிலேயே தெரிந்தது. டச்சில் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். தமிழில் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன். என் சொந்த நாட்டு அம்மாள் இந்தியில் சொன்னார். எனக்கு இந்தி தெரியாது. அந்தத் தைரியத்தில் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன்.