காலியாக இருந்த கட்டம்

பிரசவ மருத்துவமனை நடைவழியில் ஆறாம் மாதச் செக்கப்புக்காக உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டார். "முதல் குழந்தையும் இங்கதானே? பழைய கேஸ் ஷீட்டைப் பத்தி டாக்டர் பேசணுமாம்." துணைக்கு வந்திருந்த மாமியாரோடு உள்ளே போனேன்.

மூன்று வருடங்களுக்கு முன் என் மகள் சிசேரியனில் பிறந்தாள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் என் மாமியார் தானே ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டார். "இன்னா கத்து கத்துச்சு! வலி தாங்கல, அதான் ஆபரேசன் பண்ட்டாங்க." சிரித்துக்கொண்டேதான் சொல்வார். நானும் சிரிப்பேன். தி.நகர் துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்பவள் நான். ஆனாலும் என் உடம்பு பாதியில் கைவிட்டுவிட்டதாகவே நம்பினேன்.

டாக்டர் இளம்பெண். மருத்துவமனையில் சிசேரியன் தணிக்கை (ஒவ்வொரு அறுவையும் எதற்காக, தேவைதானா என்று மருத்துவர்களே திரும்பப் பார்ப்பது) நடப்பதாகச் சொன்னார்.

"உங்க ஷீட்ல 'காரணம்'ங்கிற கட்டம் காலியா இருக்கு. அதான் முழுசும் படிச்சேன்."

நீளமான தாள் ஒன்றை விரித்தார். சி.டி.ஜி. (குழந்தையின் இதயத்துடிப்பை வரைந்து காட்டும் பதிவு). "இங்க பாருங்க, துடிப்பு இறங்குது. ஏறவே இல்ல. காத்திருந்தா குழந்தைக்கு ஆபத்து."

"நான் கத்தினதாலயா டாக்டர்?"

அவர் சிரித்துவிட்டார். "கத்துறவங்களுக்கெல்லாம் ஆபரேஷன்னா இங்க ஒருத்தருக்கும் நார்மல் ஆகாது. இதை அன்னைக்கே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். அது எங்க தப்பு."

பக்கத்தில் இருந்த அத்தை அந்தக் கோட்டையே பார்த்தார். "அப்போ கொயந்ததான் கஷ்டப்பட்டுக்கினு இருந்துச்சா? நான் இன்னான்னமோ பேசிட்டேனேம்மா."

இந்த முறை நார்மலுக்கு முயலலாம் என்றார்கள். முயன்றோம். மாதம் நிறைந்து ஒரு நாள் காலையில் வலி எடுத்தது. மதியத்துக்குள் பழைய தையல் இருந்த இடத்தில் விடாத வலி. கருப்பை அங்கே விரிசல் விடலாம் என்று டாக்டர் என் கட்டிலருகே வந்து விளக்கினார். "ஆபரேஷன்தான் நல்லது. சம்மதமா?"

"பண்ணுங்க டாக்டர். ஆனா கட்டத்துல எழுதிடுங்க."

அங்கேயே எழுதி, எனக்குப் படித்தும் காட்டினார். வலிக்கு நடுவிலும் சிரிப்பு வந்தது.

மகன் பிறந்தான். பக்கத்துக் கட்டில்காரர் கேட்காமலே அத்தை அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். "தையல் விட்டுக்கும்னுதான் பண்ணாங்க. கத்துச்சு, நல்லா கத்துச்சு! வலிச்சா கத்தாம இன்னா பண்ணும்?"

இதைப் படிக்கும் உங்களுக்கும் அறுவை நடந்திருக்கலாம்; இனி நடக்கலாம். ஏன் என்று கேளுங்கள். பதிலைத் தெரிந்துகொள்வது நம் உரிமை.

முதல் அறுவைக்குப் பிறகு, மற்றவர்கள் எத்தனை நாளில் எழுந்து நடந்தார்கள் என்று எண்ணியே நாட்களைக் கழித்தேன். இப்போது எண்ணுவதில்லை. மாலையில் கடற்கரைச் சாலையில் நடக்கிறேன். வயிறு இழுத்தால் நிற்கிறேன், விட்டதும் நடக்கிறேன். நேற்று படகுகள் நிற்கும் இடம்வரை போனேன். நல்ல பசி எடுத்தது. திரும்பிவிட்டேன்.